எல்லைக்கோட்டின் இருபுறமும் போன கடிதங்கள்

நவம்பர் 1 வந்துவிட்டால் குமரி மாவட்டத்தில், திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கக் கோரி நடந்த எல்லைப் போராட்டத்தை நினைவுகூர்கிறோம். அதை முன்னின்று நடத்திய மார்ஷல் நேசமணியின் பெயரும், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டவர்களின் நினைவும் மேடைகளில் பேசப்படுகின்றன, பேசப்படத்தான் வேண்டும். ஆனால் அந்த ஆண்டுகளில் நம் வீடுகளுக்கு வந்த கடிதங்களைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. அவற்றைச் சேர்க்காமல் எழுதப்படும் எல்லை வரலாறு பாதி வரலாறுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. தமிழர்கள் சேர்த்தே கேட்ட தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றுவிட்டன. அதுவரை மூணாறு எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்த அண்ணனும் இரணியலில் வாழ்க்கைப்பட்ட தங்கையும் திருவிதாங்கூர்-கொச்சி என்ற ஒரே மாநிலத்தின் குடிகள். நாம் வென்ற அன்றுதான் அவர்கள் இரண்டு மாநிலத்தவர் ஆனார்கள். விழா மேடைகள் சொல்லாத இந்த உண்மையைக் கடிதங்கள் சொல்கின்றன.

மேலே சொன்ன தங்கை என் பாட்டி. அண்ணன் எழுதியவற்றையெல்லாம் அவர் வளைத்த கம்பி ஒன்றில் குத்தி வைத்திருந்தார். ஒவ்வொன்றின் நடுவிலும் துருப்பிடித்த ஓட்டை இருக்கிறது. அவற்றுள் ஒரு தபால் கார்டு 1129 ஆடி என்று, திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டில் தேதியிடப்பட்டது, அதாவது துப்பாக்கிச் சூடு நடந்த சமயத்தில் எழுதியது. அதில் கலவரம் என்ற பேச்சே இல்லை, ஏனெனில் கார்டில் எழுதுவதை வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பிள்ளைகளைச் சந்தைக்கு அனுப்ப வேண்டாம், மச்சான் பொழுது சாய்ந்தால் வீட்டிலேயே இருக்கட்டும், உடனே பதில் போடு என்று மட்டும் இருக்கிறது. பதில் போடச் சொல்லும் வரி, இடம் போதாமல் விளிம்பில் குறுக்காக மறுபடியும் எழுதப்பட்டிருக்கிறது. இணைப்புக்குப் பிறகு கவரில் வந்த கடிதத்தில் சந்தோஷம் என்று ஒரு வரி எழுதியவர், அடுத்த வரியிலேயே, மலையாளத்தில் படித்த தன் மகனுக்கு இனி நாகர்கோவில் பக்கம் வேலை கிடைக்குமா என்று கேட்கிறார். மொழிவழி மாநிலம் ஒரு தகப்பனுக்கு என்னவாக வந்து சேர்ந்தது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஆவணத்திலும் நான் படித்ததில்லை.

பாட்டி அவருக்கு எழுதிய பதில்களில் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. பல வீடுகளிலும் இதே நிலைதான்: ஆண்கள் எழுதியவை பத்திரங்களோடு தப்பிப் பிழைத்தன, பெண்கள் எழுதியவை அடுப்புக்குப் போயின. இந்த இழப்பு எனக்கு மிகவும் வலிக்கிறது.

ஆகவே குமரியிலும், அதே நாளில் திருநெல்வேலியோடு சேர்ந்த செங்கோட்டைப் பகுதியிலும், மூணாறு, பீர்மேடு பகுதிகளிலும் உள்ள சொந்தங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். வீட்டை இடித்துக் கட்டும்போது பழைய காகிதக் கட்டுகளைப் பழைய சாமான் வாங்கும் ஆக்கர்க்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள், லேமினேட்டும் செய்யாதீர்கள். தபால் முத்திரை தெரியும்படி இருபுறமும் படமெடுங்கள். கொல்லம் ஆண்டுக் கணக்கும் வீட்டுப் பெயர்களும் அறிந்த பெரியவர்கள் இருக்கும்போதே உடன் உட்கார்ந்து வாசித்து, யார் யாருக்கு எழுதியது என்று தனித்தாளில் குறித்து வையுங்கள். சொத்துத் தகராறு இருக்கிறதே என்று தயங்குபவர்கள் பெயர்களை மறைத்துக்கொள்ளலாம், கடிதத்தை அழிக்க வேண்டாம். மூணாற்றுப் பக்கம் யாருடைய வீட்டிலாவது இரணியல் தபால் முத்திரையோடு ஒரு பெண் தன் அண்ணனுக்கு எழுதிய கடிதம் இருந்தால், அதன் ஒரு படத்தை மட்டுமாவது எனக்கு அனுப்பி உதவுங்கள்.