மஞ்சள் விளக்கு

டர்பனில் கார் ஓட்டுகிறவனுக்கு மினிபஸ் டாக்சிகள் தருகிற தலைவலி போதாதா? இப்போது என் காரே எனக்கு எதிரி.

என்2 நெடுஞ்சாலையில் கல் தெறித்து முன்கண்ணாடி விரிசல் விட்டது. மாற்றினேன். அன்றிலிருந்து தானியங்கி அவசர பிரேக்கின் மஞ்சள் விளக்கு அணைவதே இல்லை. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருகி, பிழைக் குறியீட்டை அழித்து, "சரியாகிவிட்டது அங்கிள்" என்று அனுப்பினார்கள். சாட்ஸ்வொர்த் வந்து சேர்வதற்குள் விளக்கு மறுபடி பல்லிளித்தது. காய்ச்சல்காரனை விட்டுவிட்டுத் தெர்மாமீட்டரை உதறி வைத்த கதைதான்.

அப்புறம் ஊகங்கள். ஒருவர் பேட்டரி என்றார், மாற்றினேன். இன்னொருவர் முன்னே போகிற வண்டியின் தூரத்தை அளக்கும் முன்பக்க ரேடாரில் அழுக்கு என்றார். அதிலாவது ஒரு நியாயம் உண்டு. டொங்காட் பக்கம் கரும்புக்குத் தீ வைக்கும் மாதங்களில் கரி படியாத இடம் ஏது? அங்கே இருக்கிற என் அக்கா வெளியே துணி காயப்போடுவதே இல்லை. சரி, துடைத்தேன். விளக்கு அசையவில்லை.

இத்தனைக்கும் அந்த பிரேக்குக்காகச் சாலையைப் பார்க்கிற கேமரா இருப்பது அந்தக் கண்ணாடிக்குப் பின்னால்தான்! கண்ணாடியை மாற்றினால் கேமராவின் பார்வை நேராக இருக்கும்படி அதை மறுபடி அளவீடு செய்ய வேண்டும். சமதரையில் காரை நிறுத்தி, டயர் காற்று பார்த்து, குறிப்பலகையைச் சொன்ன தூரத்தில் வைத்துச் செய்கிற வேலை. பார்வை ஒரு டிகிரி பிசகினால் 50 மீட்டர் தள்ளிக் கிட்டத்தட்ட 87 சென்டிமீட்டர் விலகிவிடும். "கண்ணாடி மாற்றினீர்களா?" என்று முதல் நாளே கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பில் போட மட்டும் எல்லாருக்கும் தோன்றியது.

வெள்ளிக்கிழமை அளவீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். பேட்டரிக்குக் கொடுத்த ராண்டை யார் திருப்பித் தருவது?