பின்லாந்துப் பிள்ளைகளுக்குத் தேர்வே இல்லையா?

"பின்லாந்தில் பள்ளி முடியும்வரை தேர்வே கிடையாது" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பாதிதான் உண்மை. ஒன்பதாம் வகுப்புவரை நாடு தழுவிய பொதுத்தேர்வு இல்லை. வகுப்புத் தேர்வும் மதிப்பெண்ணும் உண்டு.

ஆனால் 'லுகியோ' எனப்படும் மேல்நிலைப் படிப்பின் முடிவில், 1852-இல் தொடங்கிய பொதுத்தேர்வு காத்திருக்கிறது. குறைந்தது ஐந்து பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆறு மணி நேரம்! 2019 முதல் எல்லாமே கணினியில்தான். பசிக்குக் கொண்டுவரும் தின்பண்டத்தின் உறையில்கூட எழுத்து இருக்கக் கூடாது. தேறியவர் தலையில் வெள்ளைத் தொப்பி ஏறும். பல்கலைக்கழகச் சேர்க்கையில் இந்த மதிப்பெண்ணுக்குப் பெரிய இடம் உண்டு. இப்படி உழைக்கும் பிள்ளைகளைக் கவலையற்றுத் திரிபவர்கள் என்பது அநியாயம்.

தொழிற்கல்விக்குப் போகிறவர்களுக்கு மட்டும் இது கட்டாயமில்லை.