டிமென்ஷியா (மறதி நோய்) வந்தவரிடம் பேசிப் பயனில்லையா? உண்மை விளக்கம்

“டிமென்ஷியா வந்துவிட்டால் எதுவும் புரியாது. டாக்டரும் நர்ஸும் நோயாளியுடன் வந்தவரிடம் பேசினால் போதும், நோயாளியிடம் பேசியே ஆக வேண்டுமென்றால் சத்தமாகப் பேசுங்கள்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

டிமென்ஷியா படிப்படியாக முற்றும் நோய். ஆரம்பக் கட்டத்திலும் அதற்குப் பிறகும்கூடப் பலரால் தங்கள் சிகிச்சை பற்றி விருப்பத்தைச் சொல்ல முடியும். பதில் வரக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான். பேச்சு குறைந்த பிறகும் குரலின் தொனியும் முகபாவமும் பலருக்குப் புரியும். அதனால்தான் கத்திப் பேசினால் கோபம் என்று எடுத்துக்கொண்டு பதறிவிடுகிறார்கள். காது கேட்கவில்லையோ என்று தோன்றினால் முதலில் காது கேட்கும் கருவி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

எதிரே, கண்மட்டத்தில் உட்கார்ந்து, பெயர் சொல்லி அழைத்து, ஒரு நேரத்தில் ஒரே கேள்வி கேட்டுக் காத்திருப்பதுதான் பலன் தரும். “எங்கே, எப்போதிருந்து, எப்படி வலிக்கிறது?” என்று அடுக்காமல், இடத்தைத் தொட்டு “இங்கே வலிக்கிறதா?” என்று கேட்கலாம்.

நோயாளியை ஒதுக்கிவிட்டால் வலி கவனிக்கப்படாமலே போகும். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். சொல்ல முடியாதவர்களின் முகச்சுளிப்பையும் முனகலையும் வைத்து வலியைக் கணிக்க, அபி வலி அளவுகோல் (Abbey Pain Scale) போன்ற முறைகளே இருக்கின்றன. குடும்பத்தினர் தரும் தகவலும் அவசியம்தான். ஆனால் அது நோயாளியிடம் பேசுவதற்கு மாற்று ஆகாது.

சரிபார்க்க விரும்புவோர் பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பு 2018-இல் வெளியிட்ட டிமென்ஷியா வழிகாட்டியை இணையத்தில் படிக்கலாம். நோயாளியையும் முடிவுகளில் சேர்த்துக்கொள்ளவே அது சொல்கிறது. அந்த வாட்ஸ்அப் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.