பேராசை பெரு நட்டம் என்று சொல்லுமுன்

என் சித்தப்பாவுக்கு வயது 72. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் இரண்டு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) டோட்டோ லாட்டரிச் சீட்டு எடுத்து, சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். விழாவிட்டால் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். அப்படிப்பட்டவர் சென்ற ஆண்டு ஒரு மாலை எங்கள் புளோக்கின் கீழுள்ள காப்பிக்கடைக்கு ஒரு பிளாஸ்டிக் கோப்புடன் வந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "இதை யாரிடமும் சொல்லிவிடாதே" என்று தொடங்கினார்.

கோப்பில் அச்செடுத்த ஒரு மின்னஞ்சல் இருந்தது. ஐரோப்பிய லாட்டரி ஒன்றில் அவருடைய மின்னஞ்சல் முகவரிக்கு எட்டரை லட்சம் யூரோ விழுந்திருப்பதாக அது சொன்னது. நீல நிறத்தில் வட்ட முத்திரை, அதன்மேல் குறுக்காக ஒரு கையெழுத்து, தொகுதி எண், சீட்டு எண், குறிப்பு எண் என்று வரிசையாக எண்கள். அவர் என்னிடம் யோசனை கேட்க வரவில்லை. 'வரி' என்று கேட்கப்பட்ட 1,850 வெள்ளியை ஏற்கெனவே கட்டிவிட்டார். அடுத்து 'காப்புறுதிக் கட்டணம்' என்று கேட்கப்பட்ட 4,200 வெள்ளியை அனுப்ப, கைப்பேசியில் பணம் பெறுபவரின் பெயரைச் சேர்த்துத் தரவேண்டும் என்பதற்காகவே வந்திருந்தார்.

விஷயம் வெளியே தெரிந்ததும் குடும்பத்தில் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: பேராசை பெரு நட்டம். சித்தி சொன்னார், மாமா சொன்னார், பேரன்கூடச் சொன்னான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பேராசைக்காரர் இத்தனை ஆண்டுகளாக இரண்டு வெள்ளியோடு நிறுத்திக்கொண்டிருக்க மாட்டார். அவரைச் சாய்த்தது அந்தக் கடிதத்தின் நான்காம் பத்தியில் இருந்த ஒரு வாக்கியம் என்பது என் எண்ணம். ஒரே பரிசுக்கு இருவர் உரிமை கோரும் குழப்பத்தைத் தவிர்க்க, பணம் கைக்கு வரும் வரை இச்செய்தியைக் குடும்பத்தினர் உட்பட எவரிடமும் வெளியிடக் கூடாது என்று அது அவருக்கு உத்தரவிட்டிருந்தது.

யோசித்துப் பார்த்தால், ஏமாற்று வேலையின் உயிர் முழுவதும் அந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது. மற்ற ஓட்டைகள் அத்தனையையும் வீட்டில் யாராவது ஒருவர் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார்கள். அந்த ஒருவர் கடிதத்தைப் பார்க்காமல் இருந்தால் போதும் என்பதுதான் அனுப்புபவனின் கணக்கு. 19ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுச் சிறையில் வாடும் பணக்காரக் கைதியை மீட்க உதவினால் பங்கு கிடைக்கும் என்று தபாலில் சுற்றிய கடிதங்களும் இதே நிபந்தனையைத்தான் வைத்தன. கைதி போய் லாட்டரி வந்திருக்கிறது. "யாரிடமும் சொல்லாதே" மட்டும் அப்படியே இருக்கிறது.

சீட்டே வாங்காமல் எப்படிப் பரிசு விழும் என்ற கேள்வி சித்தப்பாவுக்கு எழாமல் இல்லை. அதற்கும் கடிதத்தில் விடை இருந்தது: உலகெங்கும் உள்ள மின்னஞ்சல் முகவரிகளைத் திரட்டிக் கணினி குலுக்கிப் போட்டதாம். சிரிப்பதற்கு முன் நம் ஊரை நினைத்துப் பாருங்கள். பேரங்காடியில் ஐம்பது வெள்ளிக்குப் பொருள் வாங்கினால் அதிர்ஷ்டக் குலுக்கல், சமூக மன்ற விருந்தில் குலுக்கல், வேலையிடத்து ஆண்டு விருந்திலும் குலுக்கல். எத்தனை துண்டுச் சீட்டுகளில் பெயரையும் முகவரியையும் எழுதிப் பெட்டியில் போட்டிருக்கிறோம் என்று நம்மில் யாருக்கும் கணக்கில்லை. அவற்றில் ஏதோ ஒன்று பழுத்துவிட்டது என்று அவர் எண்ணியதை முட்டாள்தனம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

ஆனால் உண்மையான லாட்டரி எப்படி நடக்கிறது என்பதை அவருக்கு அவருடைய டோட்டோவைக் கொண்டே விளக்க முடிந்தது. டோட்டோவை நடத்தும் சிங்கப்பூர் பூல்ஸ் நிறுவனம் 1968இல் தொடங்கப்பட்டது. அதன் கடையில் ரொக்கம் கொடுத்து வாங்கிய சீட்டு யாருடையது என்பது அதற்கே தெரியாது. சீட்டை வைத்திருப்பவர்தான் 180 நாள்களுக்குள் நேரில் போய்ப் பரிசைக் கேட்க வேண்டும். 49 எண்களில் ஆறும் பொருந்த ஏறக்குறைய ஒரு கோடியே நாற்பது லட்சத்தில் ஒரு வாய்ப்பு. அப்படிப் பொருந்தியவரையே தேடிப் பிடித்துக் கடிதம் எழுத வழியில்லாதபோது, சீட்டு வாங்காதவரைத் தேடி ஐரோப்பாவிலிருந்து ஒருவர் எழுதுகிறார் என்றால் அவர் தேடுவது வேறு எதையோ. இதைச் சொன்னபோது சித்தப்பா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். அன்று வியாழக்கிழமை.

அடுத்தது வரி. இந்த ஒரு சொல்லை வைத்தே பலரைக் கவிழ்க்கிறார்கள். ஏனெனில், ஒழுங்காக வரி கட்டிப் பழகிய மனிதருக்கு வரி கேட்பவர் மீது இயல்பாகவே மரியாதை வந்துவிடுகிறது. சிங்கப்பூரில் லாட்டரிப் பரிசுக்கு வருமான வரி கிடையாது. வரி உண்டு என்கிற நாடுகளிலோ, அதைப் பெரும்பாலும் பரிசிலிருந்து கழித்துக்கொண்டுதான் மீதியைத் தருகிறார்கள்: ஸ்பெயினில் 40,000 யூரோவுக்கு மேற்பட்ட தொகைக்கு 20 விழுக்காடு, இந்தியாவில் 30 விழுக்காடு. வெற்றி பெற்றவர் முதலில் தம் பையிலிருந்து பணம் எடுத்து, முன்பின் தெரியாத ஒருவரின் கணக்கில் போட வேண்டிய வரி எங்கும் இல்லை. "எட்டரை லட்சத்திலேயே 1,850ஐக் கழித்துக்கொள்ளுங்கள்" என்று பதில் எழுதிப் பார்த்திருந்தால், விதிமுறை இடம் தராது என்ற மறுமொழிதான் வந்திருக்கும். காப்புறுதி, தூதஞ்சல், சுங்கம், பணம் பயங்கரவாதத்துடன் தொடர்புடையதல்ல என்பதற்கான சான்றிதழ் என்று பெயர் மாறிக்கொண்டே போகும். ஒவ்வொன்றும் "இதுதான் கடைசி" என்று வரும்.

அனுப்பியவர் முகவரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திரையில் பெரிதாகத் தெரிவது வெறும் பெயர். அதை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பெயரைத் தொட்டால் விரியும் முகவரியையும், பதில் எழுதத் தொடங்கும்போது 'பெறுநர்' இடத்தில் வந்து விழும் முகவரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சித்தப்பாவுக்கு வந்ததில் பெயர் லாட்டரி வாரியத்துடையது, பதில் போன இடம் ஒரு ஜிமெயில் கணக்கு.

இவ்வளவு அரைகுறையாக ஏன் எழுதுகிறார்கள் என்ற கேள்விக்கு, மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கோர்மக் ஹெர்லி 2012இல், பெருந்தொகையில் பங்கு தருவதாக ஆசைகாட்டும் 'நைஜீரியக் கடிதங்களை' வைத்து ஒரு விளக்கம் தந்தார். லட்சம் பேருக்கு அஞ்சல் அனுப்பச் செலவில்லை. பதில் போடுபவர்களோடு மல்லுக்கட்டத்தான் ஆளும் நேரமும் வேண்டும். எனவே பாதியில் சந்தேகப்பட்டு விலகக்கூடியவர்களைத் தொடக்கத்திலேயே விரட்டிவிடுவது அவர்களுக்கு லாபம். எனக்கு இதில் அச்சமூட்டுவது, பதில் போட்ட கணத்தில் ஒருவர் தேர்வாகிவிடுகிறார் என்பதுதான். அதன்பிறகு அவருக்கென்றே ஒரு மனிதன் உட்கார்ந்து, நலம் விசாரித்து, 'ஐயா' என்று அழைத்து எழுதத் தொடங்குகிறான். அதனால் திட்டுவதற்காகக்கூடப் பதில் போடாதீர்கள், இணைப்பைத் திறக்காதீர்கள், அடையாள அட்டைப் படத்தை ஒருபோதும் அனுப்பாதீர்கள். பணம் கட்டச் சொன்ன கணக்கு உள்ளூர் வங்கியில் இருக்கிறதே என்று நிம்மதி அடையவும் வேண்டாம். சித்தப்பாவை நம்பவைத்தவற்றுள் அதுவும் ஒன்று. இங்குள்ள ஒருவர் காசுக்காக இரவல் கொடுத்த கணக்காகவும் அது இருக்கலாம்.

சிங்கப்பூரில் 2024ஆம் ஆண்டில் மட்டும் எல்லா வகை மோசடிகளிலும் சேர்த்து 110 கோடி வெள்ளிக்கு மேல் பறிபோனது. 2025 ஜூலை முதல் நடப்பில் உள்ள மோசடிப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, எவ்வளவு சொல்லியும் கேட்காமல் பணம் அனுப்பத் துடிப்பவரின் வங்கிப் பரிமாற்றங்களைக் காவல்துறை தற்காலிகமாகக் கட்டுப்படுத்தச் சொல்லலாம். ஒருவர் பணத்தில் அரசு கைவைப்பதா என்று எனக்கு முதலில் நெருடியது. காப்பிக்கடையில் அன்று நானும் சித்தப்பாவும் ஒன்றரை மணி நேரம் வாதாடியதை நினைத்தபிறகு அந்த நெருடல் குறைந்துவிட்டது. 4,200 வெள்ளி போகாமல் நின்றது என் பேச்சுத் திறமையால் அல்ல. 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு மோசடித் தடுப்பு உதவி எண்ணை அவர் கைப்பேசியிலேயே அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டு, வேறொருவர் வாயால் கேட்க வைத்ததால்தான். சொந்தக்காரன் சொன்னால் பொறாமை என்று தோன்றும்போலும். உடனே வங்கிக்கும் தகவல் சொன்னோம், காவல்துறையிலும் புகார் கொடுத்தோம். முதலில் கட்டிய 1,850 வெள்ளி திரும்பவில்லை.

அதன்பின் பல வாரங்கள் வீட்டில் அவரைச் சீண்டிக்கொண்டே இருந்தார்கள். தொலைக்காட்சியில் மோசடிச் செய்தி வரும்போதெல்லாம் ஒலியைக் கூட்டி வைத்தார்கள். அவரும் வாய் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். மூன்று மாதம் கழித்து, அவர் இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகச் சர்வதேச வழக்கறிஞர் ஒருவர் பெயரில் இன்னொரு மின்னஞ்சல் வந்தது. ஒருமுறை ஏமாந்தவரின் பெயர் மோசடிக்காரர்களின் சந்தையில் கைமாறும். இம்முறை கட்டணம் 600 வெள்ளி. அதை அவர் வீட்டில் யாருக்கும் காட்டவில்லை. அச்செடுத்து, அதே பிளாஸ்டிக் கோப்பில் பழைய கடிதத்தின் பின்னால் செருகி, பேருந்து பிடித்து என் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே, "உன் சித்தி காதில் போடாதே, திட்டுவாள், இது என்னவென்று நீ பார்" என்றார்.