1724-ஆ, 1819-ஆ?

"பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகம் 1724 முதல் இடைவிடாமல் நடக்கிறது, வரலாற்றாசிரியர்கள் எல்லாரும் இதை ஏற்கிறார்கள்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். எல்லாரும் ஏற்கவில்லை. 1724-ஐ ஆதரிப்பவர்கள் உண்டு. மறுப்பவர்களின் வாதம்தான் எனக்கு வலுவாகப் படுகிறது.

அந்த ஆண்டில் ரஷ்யப் பேரரசர் முதலாம் பீட்டர் ஆணையிட்டது அறிவியல் கழகத்துக்கு. அதோடு ஒரு பல்கலைக்கழகப் பிரிவும் இருந்தது உண்மை. ஆனால் பாடம் கேட்க உள்ளூரில் ஆளில்லாமல் ஜெர்மானிய நாடுகளிலிருந்து மாணவர்களை வரவழைத்தார்கள்! ரஷ்ய அறிஞர் லொமொனோசவ் அந்தப் பிரிவுக்கு உயிரூட்டப் பார்த்தார். 1765-இல் அவர் மறைந்தபின் அது தேய்ந்துபோனது. இன்றைய பல்கலைக்கழகம் 1819-இல் தலைமைக் கல்வியியல் நிறுவனத்தை மாற்றியமைத்து உருவானது.

அதன் விழாக்களையே பாருங்கள். 1969-இல் கொண்டாடியது 150-ஆம் ஆண்டு; 1999-இல் 275-ஆம் ஆண்டு. 30 ஆண்டுகளில் வயது 125 கூடிவிட்டது. அதனால்தான் ஆய்வாளர்கள் விழா மலர்களை, விழா எடுத்தவர்களின் காலத்தைக் காட்டும் சான்றாகப் படிக்கிறார்கள். தொடக்கக் காலத்துக்கு அவர்கள் தேடுவது மாணவர் பதிவேடு, சம்பளக் கணக்கு, பட்டமளிக்கும் உரிமை பற்றிய சட்டவிதி போன்றவை. 1755-இல் தொடங்கிய மாஸ்கோ பல்கலைக்கழகத்துக்கு அந்த வசதியும் குறைவு; 1812-இல் மாஸ்கோ நகரை எரித்த பெருந்தீயில் அதன் ஆவணக்காப்பகம் எரிந்துபோனது.