பெரிய விறகு அடுப்பு வாங்கினால் போதுமா?

"மின்சாரம் போனாலும் வீடு சூடாக இருக்க, இருப்பதிலேயே பெரிய விறகு அடுப்பை வாங்குங்கள். இரவில் காற்றுத் துவாரத்தை மூடிவிட்டால் விடியும் வரை எரியும். புகை தெரியாதவரை ஆபத்தில்லை" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. மூன்றுமே தவறு.

அறைக்கு மிஞ்சிய அடுப்பு சீக்கிரமே தாங்க முடியாத சூட்டைத் தரும். அப்புறம் காற்றைக் குறைப்போம். காற்று குறைந்தால் விறகு எரியாமல் புகையும். அந்தப் புகை குளிர்ந்து, புகைபோக்கிக்குள் தார் போன்ற கிரியோசோட்டாகப் படியும். புகைபோக்கித் தீவிபத்துக்கு அதுதான் முக்கியக் காரணம். ஈர விறகு போட்டால் இன்னும் மோசம். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும்.

'புகை தெரியாதவரை ஆபத்தில்லை' என்ற கடைசி வரிதான் உயிரோடு விளையாடுவது. விறகு சரியாக எரியாதபோது வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதைக் கண்டறிந்து ஒலிக்கும், பேட்டரியில் இயங்கும் எச்சரிக்கைக் கருவி ஒன்று கட்டாயம் வேண்டும். மின்சாரம் போன நேரத்துக்குத்தானே அடுப்பே!

அடுப்பின் அளவை வீட்டின் பரப்பு, வெப்பக்காப்பு இரண்டையும் பார்த்து முடிவு செய்யுங்கள். தயாரிப்பாளரின் கையேட்டிலும், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 'பர்ன் வைஸ்' (Burn Wise) என்ற விறகு எரிப்பு பற்றிய இணையப் பக்கத்திலும் சரிபார்க்கலாம். அந்தச் செய்தி வந்தால், தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.