முட்டையைப் பார்த்தே பூச்சியைச் சொல்லலாம்

அந்துப்பூச்சிகளைப் பற்றி நான் வாசித்த ஒரு கட்டுரை, அவற்றின் முட்டை என்றால் "வெள்ளை உருண்டை" என்று ஒரே வரியில் முடித்திருக்கிறது. அது போதாது. யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் புகையிலை வெட்டுப்புழுவின் தாய் அந்துப்பூச்சி இலையின் அடிப்பக்கம் நூற்றுக்கணக்கில் முட்டைகளைக் குவித்து இட்டு, தன் வயிற்று மயிரால் மூடிவிடும். பழுப்புப் பஞ்சு ஒட்டினதுபோல் இருக்கும். அந்த இலையைக் கிள்ளி அழித்தால் ஒரு குடும்பமே போச்சு.

தக்காளி, மிளகாய்க் காய்ப்புழுவின் முட்டையோ தனித்தனி. அரை மில்லிமீற்றர்தான். 10 மடங்கு பூதக்கண்ணாடியில் பாருங்கோ: உச்சியிலிருந்து கீழே வரிவரியாக மேடுகள். முதலில் மஞ்சள் கலந்த வெள்ளை, பிறகு பழுப்பு வளையம், பொரிக்குமுன் கருந்தலை தெரியும். முட்டை முழுக்கக் கறுத்திருந்தால் நசுக்காதேங்கோ. உள்ளே பெரும்பாலும் முட்டை ஒட்டுண்ணிக் குளவி, அதாவது புழுவின் முட்டையைத் தின்று அழிக்கும் நல்ல குளவி, வளருது.